எட்டுப் பக்கங்களும் ஒரு துடைப்பமும்

ஒரு காட்டில் அன்பு என்பது ஒரு கட்டடத்தின் பெயராக மட்டும் இருந்தது. முழுப் பெயர் 'அன்புக்கரம் ஆதரவு இல்லம்'. ஓட முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், வந்த வழி மறந்தவர்கள் எல்லோரையும் உறவுக்காரர்கள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். விட்டுவிட்டுத் திரும்பும்போது வாசலில் நின்று ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

இல்லத்தில் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு கை ஒரு கால் விளங்காத கரடி. கண் தெரியாத தேவாங்கு. மூன்று காலில் நிற்கும் மான். சிறகு ஒடிந்த இருவாச்சி. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காத இரண்டு கிழ முயல்கள். சாப்பிட்டதையே மறந்துவிட்டு மறுபடி தட்டோடு வந்து நிற்கும் குரங்கு. ஆமை அமிர்தம். கடைசியாக முள்ளம்பன்றி குழந்தைவேலு. ஒரு காலத்தில் புலியின் மூக்கில் ஏழு முள்ளை நட்டவர் அவர். இப்போது பின்னங்கால் இரண்டும் செத்துப்போய், வடகிழக்கு மூலையில் ஒரு கோணியின்மேல் கிடந்தார். வாய் மட்டும் சாகவில்லை.

ஒன்பது பேரையும் குளிப்பாட்ட, ஊட்டிவிட, புரட்டிப் படுக்கவைக்க, திட்டு வாங்க ஒரே ஒரு ஆள்தான். கீரி வேதவல்லி. அவளுக்கு உதவியாள் கேட்டு எழுதிய மனுவுக்கு, 'அன்பு இருந்தால் ஆள் எதற்கு?' என்று நிர்வாகம் பதில் எழுதியிருந்தது. காட்டில் அப்படித்தான். வேலை செய்கிறவளிடம் அன்பைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடுகிறவனிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

வேதவல்லிக்குத் தூக்கத்தைக் கெடுத்த கவலை ஒன்று உண்டு. பின்கதவு. இல்லத்துக்குக் கீற்றுக் கூரை. ஒரே நீளக் கூடம். போக வர ஒரே முன்வாசல். பின்னால் ஒரு நல்ல அகலமான கதவு இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. எப்போதோ ஒருநாள் மறதிக் குரங்கு அந்த வழியாக ஆற்றங்கரை வரை போய்விட்டதாம். அன்றைக்கே செயலாளர் உடும்பு சபாரத்தினம் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அவர் பிடித்த எதையும் விட்டதில்லை. பதவியும் அப்படி, சாவியும் அப்படி.

"ஐயா, முன்வாசல் பக்கம் ஏதாச்சும் பத்திக்கிச்சுன்னா இவங்க எல்லாம் எங்க போவாங்க?" என்று வேதவல்லி கேட்பாள்.

"நல்ல வார்த்தை பேசு வேதவல்லி. காலங்காத்தால எரியுது பத்துதுன்னுட்டு" என்பார் உடும்பு.

பதினொரு மனு எழுதினாள். பதினொன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. குழந்தைவேலு மூலையிலிருந்து சிரித்தார். "தாயி, உன் மனுவையெல்லாம் சேர்த்துக் கட்டினா நான் ஏறி உட்காந்து கூரை வழியாவே போயிருவேன்" என்றார்.

இப்படி இருக்கையில், பக்கத்துக் காட்டில் இதே மாதிரி ஓர் இல்லம் எரிந்துபோனது. எத்தனை பேர் போனார்கள் என்பது ஒரு வாரம் பேச்சாக இருந்தது. இரண்டாம் வாரம் உத்தரவு வந்தது. எல்லா ஆதரவு இல்லங்களிலும் தீ ஆபத்து மதிப்பீடு நடத்தப்படும், சான்றிதழ் இல்லாத இல்லங்கள் மூடப்படும் என்று. வேதவல்லி அந்த உத்தரவை மூன்று தரம் படித்தாள். 'இனிமேல் கதவைத் திறந்துதானே ஆகவேண்டும்' என்று நினைத்தபோது அவள் மனசு லேசாகிவிட்டது. பாவம், உத்தரவைப் படித்தவள் உடும்பின் முகத்தைப் படிக்கவில்லை.

மதிப்பீட்டாளராக வந்தது கொக்கு தண்டபாணி. தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்று மீனைக் கொத்துவதைத் தவிர வேறு பயிற்சி எதுவும் அவருக்குக் கிடையாது. இருந்தாலும் கழுத்து நீளம், குரல் மெதுவு, கையில் அட்டை, அட்டையில் படிவம். நிபுணருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அவர் வருவதற்கு முதல்நாளே உடும்பு நான்கு சிவப்பு மணல் வாளிகளை வரவழைத்து வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். அந்த வட்டாரத்தில் ஆறு இல்லங்களுக்கும் சேர்த்து இருந்தது இந்த நான்கு வாளிகள்தான். கொக்கு எந்த இல்லத்துக்குப் போகிறதோ அந்த இல்லத்துக்கு அவை ஒருநாள் முந்திப் போய்விடும். ஒரு வாளியின் விளிம்பில் நெளிவு இருந்தது. கொக்கு அந்த நெளிவைத் தடவிப் பார்த்து, தெரிந்தவர் வீட்டுக் குழந்தையைப் பார்த்ததுபோலச் சிரித்தது. படிவத்தில் 'வாளிகள்: போதுமானவை' என்று எழுதியது.

கூடத்துச் சுவரில் 'வெளியேறும் வழி' என்று பச்சை வண்ணத்தில் புதிதாக எழுதி, பின்கதவைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். கொக்கு அம்பின் கூடவே நடந்து போய்ப் பூட்டின் எதிரே நின்றது. வேதவல்லி பின்னாலேயே ஓடிவந்து நின்றாள். இதோ, இப்போது கேட்கப்போகிறார்.

கொக்கு கழுத்தை வளைத்து அம்பையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தது. "அம்பு சரியான திசையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு டிக் போட்டது.

"கதவு பூட்டியிருக்குதே, ஐயா" என்றாள் வேதவல்லி.

"அம்பு இருக்கான்னுதாம்மா படிவத்துல கேட்டிருக்கு. பூட்டு இருக்கான்னு கேக்கல."

எல்லாம் இப்படி வழுக்கிக்கொண்டு போய்ப் பதினாலாம் கேள்வியில் இடித்து நின்றது. 'குடியிருப்போரில் எத்தனை பேர் பிறர் உதவியின்றி மூன்று நிமிடத்துக்குள் வெளியேற இயலாதவர்கள்?' கொக்கு சோதித்துப் பார்த்தது. ஆமை அமிர்தம் மனசுவைத்துத்தான் நடந்தாள். மூன்று நிமிடத்தில் தன் படுக்கையிலிருந்து பக்கத்துப் படுக்கைக்கு வந்திருந்தாள். முயல்களுக்கு மணியடித்தது கேட்கவில்லை. குரங்கு வாசல்வரை ஓடிப்போய், எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. குழந்தைவேலு, "என்னை ஏன்யா பார்க்கிற? நான் கிளம்புறதுன்னா நாலு பேர் தூக்கணும்" என்றார்.

கொக்கு அட்டையைத் தாழ்த்தியது. "ஒன்பதுக்கு ஒன்பதும் முடியாதவங்க. ஆபத்து அதிகம்னு எழுதணும். அப்படி எழுதினா பின்கதவைத் திறக்கணும், சரிவுப் பாதை போடணும், இன்னும் ரெண்டு ஆளை வேலைக்கு வைக்கணும்."

வேதவல்லிக்கு அந்தக் கொக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உடும்புக்கோ முகம் சுண்டிவிட்டது. அவர் கொக்கை அலுவலக அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே வறுத்த அயிரை மீன் வாசனை வந்தது. அரைமணி நேரத்துக்குப் பிறகு இருவரும் தெளிந்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.

"பாருங்க சபாரத்தினம், இங்க ஆபத்துக்கு மூலகாரணம் எது? கூரையா? கதவா? இல்ல. முடியாதவங்கதான். அவங்க இல்லாட்டி இந்த இல்லத்துல ஆபத்தே கிடையாது."

"அவங்களை எங்கங்க அனுப்புறது?"

"எங்கயும் அனுப்ப வேண்டாம். தானா நகராததைக் குடியிருப்போர் பதிவேட்டுல ஏன் வச்சிருக்கீங்க? இருப்புப் பதிவேட்டுக்கு மாத்துங்க. தட்டுமுட்டுச் சாமான் ஓடி வெளிய வரணும்னு எந்தப் படிவமும் எதிர்பார்க்காது."

உடும்புக்கே ஒரு சந்தேகம் வந்தது. "யாருமே இல்லைன்னு போட்டா இல்லத்தை மூடிற மாட்டாங்களா?"

"அது வேற துறை. அவங்க படிவம் வேற. அதுல ஒன்பது பேரும் நல்லா இருக்கட்டும்" என்றது கொக்கு.

அன்று மத்தியானமே பதிவேடு மாறியது. அமிர்தம் மணைப்பலகை ஆனாள். கரடி மெத்தை ஆனது. மான், ஒரு கால் உடைந்த நாற்காலி. தேவாங்கு, பழைய பொம்மை. இருவாச்சி, ஓட்டைக் குடை. முயல்கள் தலையணை இரண்டு. குரங்கைச் சுவர்க்கடிகாரம் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'ஓடாதது' என்றும் சேர்த்தார்கள். குழந்தைவேலுவின் முன்னால் வந்ததும் உடும்பு அவரது முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'துடைப்பம், ஒன்று, பழையது' என்று எழுதினார்.

"எவன்டா துடைப்பம்?" என்று குழந்தைவேலு கத்தியதில் கீற்றே அதிர்ந்தது. "புலிகிட்டக் கேட்டுட்டு வாடா, நான் யாருன்னு!"

"துடைப்பம் பேசுது பாருங்க" என்று உடும்பு சிரித்தார். கொக்கும் சிரித்தது. வேதவல்லி பேனாவைப் பிடுங்காத குறையாக, "ஐயா, நேத்து ராத்திரி இவருக்குக் கஞ்சி ஊட்டினேன். துடைப்பத்துக்கா ஊட்டினேன்?" என்றாள். "அது உன் அன்பும்மா. அன்புக்குத் தனிப் படிவம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கொக்கு எழுந்துகொண்டது.

மதிப்பீட்டு அறிக்கை எட்டுப் பக்கத்தில் வந்தது. பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. கடைசிப் பக்கத்தில், 'குடியிருப்போர்: இல்லை. தீ ஆபத்து: இல்லை' என்று இருந்தது. உடும்பு அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். சிவப்பு வாளிகள் நான்கும் சாயங்காலமே அடுத்த இல்லத்துக்குப் புறப்பட்டுப் போயின.

குழந்தைவேலு அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேதவல்லி புரட்டிப் படுக்கவைக்கும்போது மெதுவாகக் கேட்டார். "தாயி, எழுதிட்டா ஆயிருமா?"

"ஆகாது அண்ணாச்சி."

"இல்ல, கேட்டேன். ரெண்டு நாளா எனக்கே முதுகு துடைப்பம் மாதிரி தெரியுது."

வேதவல்லி அவருடைய முன்னங்காலைப் பிடித்து நீவிவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு கோடைமழை அடித்தது. கூடத்தில் ஒழுகவில்லை. அலுவலக அறையில், அதுவும் சரியாக அறிக்கை இருந்த அலமாரியின் மேல் ஒழுகியது. காலையில் வந்து பார்த்த உடும்பு தலையில் கைவைத்துக்கொண்டார். எட்டுப் பக்கமும் ஊறி, தண்ணீரில் நனைந்த அப்பளம் மாதிரி இருந்தன. இரண்டு நாளில் மேலதிகாரி வரப்போகிறார்.

"வேதவல்லி! இதை உடனே காயவைக்கணும்."

"எதுல ஐயா விரிக்கிறது? மேசை கூட இல்லையே."

"இருப்புப் பதிவேட்டுல ஒன்பது சாமான் இருக்கே, அது மேல விரி."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எழுதிய பொய்யை மறந்துபோய், அது உண்மை என்றே நம்பிப் பேசும் நிலைக்கு வந்திருந்தார். பெரிய அதிகாரியாக வருவதற்கு அதுதான் கடைசிப் பயிற்சி.

வேதவல்லி ஒவ்வொரு பக்கமாக விரித்தாள். அமிர்தத்தின் ஓட்டில் முதல் பக்கம். கரடியின் வயிற்றில் இரண்டாவது. இப்படி எட்டுப் பேர் மேலும் எட்டுப் பக்கம் ஈரத்தோடு அப்பிக்கொண்டன. குழந்தைவேலுவின் மேல் மட்டும் விரிக்க முடியாது. முள் குத்தித் தாள் கிழிந்துவிடும். பக்கமும் எட்டோடு தீர்ந்துபோனது.

ஈரம் காயும் வேகம் உடும்புக்குப் போதவில்லை. "ஒரு கணப்புச் சட்டியில கங்கு போட்டுக் கூடத்துல வை. முன்வாசல் காத்து அடிச்சா அனல் உள்ள பரவும்" என்றார்.

வேதவல்லி குறுக்கே வந்து நின்றாள். "ஐயா, கீற்றுக் கூரை. வைக்கோல் படுக்கை. உள்ள நெருப்பு வேண்டாங்கய்யா."

"இங்க தீ ஆபத்து இல்லைன்னு எழுதியே குடுத்திருக்காங்களேம்மா! உன்னைவிடக் கொக்குக்குத் தெரியாதா?"

உடும்பு தன் கையாலேயே சட்டியைக் கொண்டுவந்து வாசற்படி ஓரத்தில் வைத்தார். வேதவல்லி ஒரு குடம் தண்ணீராவது பக்கத்தில் வைப்போம் என்று கிணற்றுக்கு ஓடினாள். குடத்தை இறைத்துத் தூக்குவதற்குள் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. சட்டியிலிருந்து ஒரு கங்கு பறந்து வைக்கோலில் விழுந்தது. அவள் திரும்பியபோது முன்வாசல் முழுக்க நெருப்பு. உடும்பு பதிவேட்டோடு அலுவலக ஜன்னல் வழியாகக் குதித்து, மாமரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு யானைகள் சீக்கிரமே வந்துவிட்டன. அவர்களைக் குறைசொல்ல முடியாது. தலைமை யானை அரங்கநாயகம் துதிக்கை நிறையத் தண்ணீரோடு நின்று, "உள்ள ஆள் எத்தனை?" என்று கேட்டது.

"ஒன்பது பேர்!" என்று வேதவல்லி கத்தினாள்.

யானை செயலாளரைப் பார்த்தது. ஒன்பது என்று சொன்னால் அறிக்கை பொய்யாகும்; அறிக்கை பொய்யானால் பதவி போகும். உடும்பு வேதவல்லியைப் பார்க்காமல் யானையைப் பார்த்துச் சொன்னார். "ஆள் யாரும் இல்லீங்க. சாமான்தான்."

"எங்க பட்டியல்லயும் காலின்னுதான் இருக்கு" என்றது யானை. "காலிக் கட்டடத்துக்குள்ள ஆளை அனுப்பக்கூடாதுன்னு விதி. வெளியே நின்னு அணைப்போம்."

உள்ளேயிருந்து அமிர்தம் கூப்பிடும் குரல் கேட்டது. கரடி அழுதது. யானைகளுக்கு அவ்வளவு பெரிய காது. பட்டியலில் இல்லாத சத்தம் மட்டும் அதில் ஏறாது. வேதவல்லி அழவில்லை. அந்த ஒரு நொடியில் அவளுக்குக் காடு முழுவதும் விளங்கிவிட்டது. நேராக உடும்பின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அறிக்கை உள்ள இருக்கு. எட்டுப் பக்கமும்."

உடும்பு அலறிய அலறலில் மாமரத்திலிருந்து காய் உதிர்ந்தது. "ஐயோ! கையெழுத்து! முத்திரை! ஐயா யானை, பின்கதவை உடைங்க! உடைங்கய்யா!" இடுப்புச் சாவியை உருவ வராமல் இழுத்துக்கொண்டிருந்தார். யானைக்குச் சாவி தேவைப்படவில்லை. ஒரே உதை. பதினொரு மனுவுக்கு அசையாத கதவு பெயர்ந்து புல்லில் விழுந்தது.

"தாளைப் பிய்க்காதீங்க!" என்று வேதவல்லி கூடவே ஓடிக்கொண்டு கத்தினாள். "ஈரத்துல ஒட்டியிருக்கு. பிய்ச்சா கையெழுத்துக் கிழிஞ்சிரும். சாமானோட தூக்குங்க!"

யானைகள் அப்படியே தூக்கின. முதல் பக்கத்தோடு அமிர்தம் வந்தாள். இரண்டாம் பக்கத்தோடு கரடி. மான், தேவாங்கு, இருவாச்சி, முயல்கள். குரங்கு வெளியே வந்ததும் தட்டைத் தேடியது. உடும்பு மாமரத்தடியில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். "ஆறு... ஏழு... எட்டு! வந்துருச்சு! எட்டும் வந்துருச்சு! போதும், எல்லாரும் வெளிய வாங்க!"

"இன்னும் ஒருத்தர் இருக்கார்! வடகிழக்கு மூலையில!"

"அதுல பக்கம் இல்லையே" என்றார் உடும்பு.

யானை பதிவேட்டை வாங்கிப் பார்த்தது. "துடைப்பம், பழையது" என்று படித்துவிட்டுச் சரியத் தொடங்கிய கூரையைப் பார்த்தது. "ஒரு துடைப்பத்துக்காக என் ஆளை அனுப்ப முடியாதும்மா."

வேதவல்லி உள்ளே ஓடினாள். புகைக்குள் தவழ்ந்துபோய் அவருடைய முன்னங்காலைப் பிடித்து இழுத்தாள். கீரியின் பலம் எவ்வளவு? ஒரு முழம் நகர்ந்தார். இன்னொரு அரை முழம். "விட்டுட்டுப் போ தாயி" என்றார் குழந்தைவேலு. அவள் விடவில்லை. அப்போது அவர் உடம்பில் இருந்த மிச்ச உயிரையெல்லாம் திரட்டி முள்ளைச் சிலிர்த்தார். முதல்முறையாக அவள்மேல் சிலிர்த்தார். ஏழெட்டு முள் தைத்த வலியில் அவள் பிடி விட்டது. அந்த நேரத்தில் கூரை இருவருக்கும் நடுவில் விழுந்தது. பின்வாசல் பக்கம் விழுந்தவளை யாரோ வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள்.

நாலாம் நாள் கொக்கு தண்டபாணி வந்து விபத்து அறிக்கை எழுதியது. 'ஆட்சேதம் இல்லை. ஆவணச்சேதம் இல்லை. எட்டுப் பக்கங்களும் மூன்று நிமிடத்துக்குள் வெளியேற்றப்பட்டது பாராட்டுக்குரியது. பொருட்சேதம்: துடைப்பம், ஒன்று, பழையது.' அதற்கு ஈடாக மறுநாளே மேலிடத்திலிருந்து ஒரு புதுத் துடைப்பம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இல்லம் கேட்காமலே வந்த ஒரே பொருள் அது.

முள் தைத்த கையில் கட்டோடு வேதவல்லி அந்தத் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கூடத்துச் சாம்பலைப் பெருக்கினாள். வடகிழக்கு மூலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அந்த மூலையையும் பெருக்கு. தீயால வராம இருந்த மேலதிகாரி நாளைக்கு வர்றார்" என்றார் உடும்பு.

"மாட்டேன். அங்க ஒருத்தர் இருக்கார், ஐயா."

செயலாளர் பதிவேட்டைப் புரட்டி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லையே" என்றார்.

நீதி: தீப்பிடித்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே வர, காலில் பலமும் வேண்டாம், திறந்த கதவும் வேண்டாம், முதுகில் ஓர் அதிகாரியின் கையெழுத்து ஒட்டியிருந்தால் போதும்.